ஒக்கியில் சாய்ந்த பலாவும் மூன்று உளிகளும்

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, தக்கலை பக்கம் எங்கள் வீட்டுப் பின்புறம் நின்ற பலா சாய்ந்தது. அப்பா அதை மில்லில் அறுத்து, பலகையாக மச்சில் அடுக்கி வைத்திருந்தார். அதில் அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் செய்வதற்காகத்தான் இந்த மார்ச்சில் மரவேலையைத் தொடங்கினேன்.

முதலில் டிரில்லும், மேலும் கீழும் ஆடும் சிறு பிளேடால் அறுக்கும் ஜிக்சாவும் வாங்கினேன். டிரில் நல்ல துணை. ஜிக்சா ஒன்றரை இஞ்சுக் கட்டையில் ஏமாற்றிவிட்டது. மேலே கோட்டின்மீது போகும் பிளேடு அடியில் வளைந்து வெளியே போய்விடும். கால்களையெல்லாம் கைவாளால்தான் அறுத்தேன். இரும்பு அறுக்கும் கை கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடு மாட்டலாம் என்றும் சிலர் சொன்னார்கள். அதை நான் தொடமாட்டேன். சிக்கினால் கையை நோக்கித் தெறிக்கும்.

கழுந்துக்கு, அதாவது துளைக்குள் இறங்கும்படி காலின் நுனியில் செதுக்கும் முனைக்கு, துளை எடுக்கும்போது உளி பட்ட இடமெல்லாம் பொடிந்தது. மரம் காய்ந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு ஆசாரி மாமா உளியை வாங்கி நகத்தின்மேல் வைத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது.

"மக்களே, கடையில வாங்குனபடியே வச்சிருக்க. இது இன்னும் உளி ஆவல்ல."

அன்று சாயங்காலம் முழுக்கத் தீட்டல்தான். முதலில் உளியின் பின்பக்கத்தைச் சமமாக்க வேண்டும். இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். அப்புறம் உளி நுனியின் சரிவை 25 டிகிரியில் பிடித்து 1000 எண் தீட்டுகல், பிறகு அதைவிட நைஸான 6000 எண் கல். முடித்ததும் அதே பலாவின் வெட்டுமுகத்தில் மஞ்சள் சீவல் சுருண்டு வந்தது. கால், அரை, முக்கால் இஞ்சு என மூன்று உளியே இதுவரை போதுமாக இருக்கிறது. மிச்சப் பணத்துக்குக் கல் வாங்குங்கள்.

மூலை சரியாக 90 டிகிரியா என்று பார்க்கும் மூலைமட்டம் வாங்கும்போது கடையிலேயே சோதிக்கலாம். நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு, திருப்பிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் விரிந்தால் அந்த விரிவில் பாதிதான் மட்டத்தின் பிழை. என்னுடையது ஆறு இஞ்சில் 2 மி.மீ. விரிந்தது. திருப்பிக் கொடுத்தேன்.

ஜூன் மழையில் உளி துருப்பிடிக்கத் தொடங்கியது. இப்போது வேலை முடிந்ததும் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வைக்கிறேன்.

நேற்று நாலாவது கழுந்து கை அழுத்தத்திலேயே துளைக்குள் இறங்கியது. பசை இன்னும் போடவில்லை, அது காயும்வரை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் இரண்டு குறைகிறது.