ஆங்கிலப் பேராசிரியரும் பதின்ம வயது வாசகர்களும்

நம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள், நம் ஆங்கிலப் பேராசிரியர் சாரின் முதல் வகுப்பை மறந்திருக்க மாட்டார்கள். பாடநூலைத் திறக்கவே சொல்ல மாட்டார். அவரவர் வாசிப்பு வரலாற்றை நான்கு பக்கத்தில் எழுதிவரச் சொல்வார். வீட்டுக்குள் வந்த முதல் புத்தகம் எது, யார் வாசித்துக் காட்டினார்கள், எதை ஒளித்துவைத்துப் படித்தோம், எந்த வயதில் வாசிப்பு விட்டுப்போனது, ஏன். அதில் சிவப்பு மை படாது. பிழை திருத்தினால் அடுத்த பக்கத்தில் பிள்ளைகள் பொய் எழுதத் தொடங்கிவிடுவார்கள் என்பார்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியே கற்பித்தார். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் கார்ல்சன் பல ஆண்டுகளாகத் தம் மாணவர்களிடம் இப்படி வாங்கிச் சேர்த்தவற்றை, ஆன் ஷெரிலுடன் இணைந்து 1988இல் நூலாக்கினார். பதின்ம வயது வாசிப்பைப் பற்றி 1967இலேயே அவர் எழுதிய நூல்தான் சாரின் கைப்புத்தகம். அதன்படி வாசிப்புக்குப் படிகள் உண்டு: பதினொன்றிலிருந்து பதினான்கு வயதுவரை விலங்கு, சாகசம், துப்பறிதல், விளையாட்டு. பதினைந்து, பதினாறில் வாழ்க்கை வரலாறும் உண்மைச் சாகசமும். அதன்பின் தன் மதிப்பீடுகளைத் தேடும் கதைகள். ஒரு படியைத் தாண்டவைத்து அடுத்ததற்கு இழுத்தால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும்.

அதற்கும் முன்னோடி, இலக்கிய வாசிப்பை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் லூயிஸ் ரோசன்பிளாட். 1938இல் வந்த அவருடைய முதல் பெரிய நூலே பதின்ம வயதினரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தகவலை எடுத்துக்கொண்டு போக வாசிப்பது ஒன்று, வாசிக்கும் நேரத்தில் அதற்குள் வாழ்வது இன்னொன்று என்று பின்னாளில் அவர் பிரித்துக் காட்டினார். கதை முடிந்த கையோடு கருத்தறிதல் வினாவை நீட்டினால் இரண்டாவது வகை வாசிப்பு அங்கேயே செத்துவிடும். அதனால்தான் சார் ஒரு பழுப்பு அட்டை மட்டும் கொடுப்பார்: தேதி, பக்க எண், ஒரு வரி. 'பக்கம் 47. நாய் செத்துடுமோன்னு பயமா இருக்கு' என்று இருந்தால் அவருக்குப் போதும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டே பேசுவார்.

சிங்கப்பூரில் தமிழ் வாசிப்புக்கு இது எப்படிப் பொருந்தும்? 1987 முதல் இங்கே எல்லாப் பள்ளியிலும் ஆங்கிலமே பாடமொழி. உயர்நிலை இரண்டில் படிக்கும் பிள்ளையின் மனத்துக்கு வயது பதினான்கு. அதன் எழுத்துத் தமிழுக்கோ ஒன்பது, பத்துதான் இருக்கும். மொழி எளிதாக இருக்கிறதே என்று முயலும் ஆமையும் கதையைக் கொடுப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. பிள்ளைக்கு அது அவமானம். பொருள் வயதுக்கு ஏற்றதாகவும் வாக்கியம் குட்டையாகவும் இருக்க வேண்டும். துப்பறியும் சிறுகதை, விளையாட்டு வீரரின் வாழ்க்கை, பேய்க்கதை எல்லாம் தாராளமாகச் சரி.

ஐந்து விரல் சோதனை பலருக்குத் தெரியும்: ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, ஐந்தும் மடங்கினால் கடினம். முதல் பக்கத்தில் செய்யாதீர்கள், நடுப் பக்கத்தில் செய்யுங்கள். தமிழில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'போயிட்டிருந்தான்' என்று பேசும் பிள்ளைக்குப் 'போய்க்கொண்டிருந்தான்' கண்ணுக்குப் புதிது, காதுக்குப் பழக்கம். ஆகவே வாய்விட்டு வாசித்துக் காட்டிய பிறகே விரலை எண்ணுங்கள். முதல் பத்துப் பக்கத்தைப் பெரியவர் வாசிக்க, பிள்ளை கண்ணால் தொடரட்டும். அத்தியாய முடிவில் நிறுத்தாதீர்கள். கதவு தட்டப்படும் இடத்தில் நிறுத்திப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

நூலக இரவல் 21 நாள். நாளுக்குப் பத்துப் பக்கம் என்றால் 210 பக்கப் புத்தகம் முடிந்துவிடும். அதைவிடத் தடித்ததை முதல் தடவை எடுக்க வேண்டாம். முப்பது பக்கம் படித்தும் ஒட்டவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம், காரணம் கேட்கக்கூடாது. 'என்ன கத்துக்கிட்டே?' என்றும் வேண்டாம். 'எந்த இடத்துல நிறுத்தினே?' என்று கேளுங்கள்.

ஜூன் விடுமுறை தொடங்குமுன் இங்குள்ள நம் கல்லூரி முன்னாள் மாணவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் அந்த நான்கு பக்கத்தை எழுதி வாங்கலாம். தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வாசிப்பு எந்த வயதில் விட்டுப்போனது என்று பிள்ளை எழுதியிருக்கும் வரியை முதலில் படியுங்கள். அடுத்த புத்தகத்தை அந்த வயதிலிருந்து தேடத் தொடங்கலாம்.