ரோட்டாமீட்டர் உருண்டை

மார்ச் 3
நைட்ரஜன் நிறைஞ்ச ரியாக்டருக்குள்ள, அதான் கெமிக்கல் கலக்கற பெரிய மூடி போட்ட தொட்டிக்குள்ள, தலையை விட்டு எட்டிப் பார்த்துத் துவண்டு போன பையனை ஆஸ்பத்திரில இன்னும் அப்சர்வேஷன்லதான் வச்சிருக்காங்க. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். எந்திரிச்சு உக்காந்து தண்ணி குடிச்சான், ஆனா கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்கறான். வெளிய அவங்க அக்கா, "ஒரு வாசனை கூட வரலையாமே மேடம்"னாங்க. ஆமாங்க, வராதுன்னேன். வேற என்னத்த சொல்றது.

மார்ச் 4
மூணு மணி நேர மீட்டிங், அதுல ரெண்டு மணி நேரம் ஒரே ஒரு வார்த்தைக்குப் போச்சு. மயக்கமா தலைசுத்தலா. நினைவு தப்பிருந்தா எத்தனை செகண்டா இருந்தாலும் ரிக்கார்டபிள், விபத்துப் பதிவுல ஏத்தியே ஆகணும், அமெரிக்க தொழில் பாதுகாப்புத் துறை ஓஷாவோட ரூல் அப்படித்தான் சொல்லுது, நம்ம குரூப்பும் அதத்தான் ஃபாலோ பண்ணுதுன்னு சொன்னேன். வெறும் அப்சர்வேஷன்னா ட்ரீட்மென்ட் கணக்குல வராதுல்லனு உடனே அதே ரூலைப் புரட்டி எனக்கே காட்டறாங்க. சட்டம் தெரியலன்னு யார் சொன்னா, நல்லாவே தெரிஞ்சு வச்சிருக்காங்க.

அடுத்தது, "அவன் உள்ளயே போகலையே, எட்டித்தான பார்த்தான், அப்புறம் எதுக்கு உள்ள போற பர்மிட்?" உடம்புல எந்த பாகமா இருந்தாலும் ரியாக்டரோட மேன்ஹோல் வாயைத் தாண்டுச்சுன்னா அது என்ட்ரிதான் சார், தலை மட்டும் போனாலும். நூறு ட்ரெய்னிங்ல இதே ஸ்லைடைக் காட்டிருக்கேன், இவங்க எல்லாரும் கையெழுத்து போட்டு அட்டெண்ட் பண்ணவங்கதான்.

அட்டெண்டன்ஸ்ல நேத்தும் இன்னிக்கும் அவனுக்கு பிரசென்ட் போட்டிருக்கு. ஆஸ்பத்திரி கட்டில்ல டூட்டி பாக்கறான் போல.

மார்ச் 5
கேட்டுல இருக்கற 'விபத்தில்லாத நாட்கள்' போர்டுல இன்னிக்கு 415. திங்கக்கிழமை 412 இருந்துச்சு. செக்யூரிட்டி அண்ணன் தினமும் காலைல பழக்கத்துல ஒண்ணு ஏத்திடறாரு, யாரும் வேணாம்னு சொல்லல. நானும் சொல்லல.

மார்ச் 6, ராத்திரி 1.20
தூக்கம் வரல. அந்த உருண்டை.

எழுதிடறேன். பிப்ரவரி 10 ரவுண்ட்ஸ் போனப்ப ரெண்டாவது பிளாக்ல மேல் ஃப்ளோர் வழியாத்தான் வந்தேன். ரியாக்டர் மூடி திறந்து கிடந்துச்சு, க்ளீனிங் முடிஞ்சு காயட்டும்னு விட்டிருந்தாங்க. பக்கத்துல நைட்ரஜன் ரோட்டாமீட்டர், கேஸ் எவ்வளவு ஓடுதுன்னு உருண்டையை மிதக்க வச்சுக் காட்டற கண்ணாடிக் குழாய். வால்வு க்ளோஸ்ல இருக்கு, ஹேண்டில் லைனுக்குக் குறுக்க, கண்ணாலயே பார்த்தேன். ஆனா கண்ணாடிக் குழாய்க்குள்ள உருண்டை அடியில உக்காரல. லேசா, ஒரு விரல் அகலம்கூட இருக்காது, மிதந்துட்டு மெதுவா சுத்திட்டு இருந்துச்சு. வால்வு பாஸ் ஆகுதுன்னு அர்த்தம். மூடியிருக்கோம்னு எல்லாரும் நம்பிட்டு இருக்கற லைன்லேருந்து ராத்திரி பகலா ரியாக்டருக்குள்ள நைட்ரஜன் போயிட்டே இருக்கு, சத்தமும் கிடையாது நிறமும் கிடையாது.

நோட்டுல எழுதினேன். "2-ம் பிளாக் நைட்ரஜன் வால்வு பாஸ், மெயின்டெனன்ஸ்கிட்ட சொல்லணும்." கீழ கோடு கூட போட்டிருக்கேன். அன்னிக்கு மத்தியானம் கஸ்டமர் ஆடிட் டீம் வந்தாங்க, அப்புறம் புகையைக் கழுவற ஸ்க்ரப்பரோட பம்ப் ட்ரிப், அப்புறம் கழிவுநீர் சுத்திகரிப்புல (ஈடிபி) அழுக்கு அளவு, சிஓடி, ஏறிடுச்சுன்னு ரெண்டு நாள் அங்கயே கிடந்தேன். சொல்லல. அவ்வளவுதான், சொல்லல.

மூச்சு முட்டினா ஓடி வந்துருப்பான்னு புரொடக்ஷன்ல சொல்றாங்க. அதுதான் முட்டாதே. நமக்கு மூச்சுத் திணறுதுன்னு தோணறதே உடம்புல கார்பன் டை ஆக்ஸைடு சேர்றதாலதான், நைட்ரஜனை இழுத்தாலும் அது பாட்டுக்கு வெளிய போயிட்டே இருக்கும், மூளைக்கு ஒரு எச்சரிக்கையும் கிடைக்காது. 20.9 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் அஞ்சு, ஆறுனு இறங்கின இடத்துல ரெண்டு மூச்சு இழுத்தாப் போதும், கால் துவண்டுடும். ஆக்ஸிஜன் 19.5க்குக் கீழ போனா கத்தற மீட்டர் ஷிஃப்ட் ரூம்ல சார்ஜர்ல பச்சை லைட்டோட உக்காந்திருந்துச்சு. இருபது அடி தூரம்.

அந்த நைட்ரஜன் வேணாம்னும் சொல்ல முடியாது. உள்ள ஊத்தற கரைப்பான் டொலுயீனோட ஃப்ளாஷ் பாயின்ட், அதான் பத்திக்கற அளவுக்கு ஆவி கிளம்பற சூடு, வெறும் 4 டிகிரி, சாதாரண ரூம் சூட்டுலயே ஒரு பொறி போதும், நைட்ரஜன் இல்லாம பவுடரை உள்ள கொட்டினா ஸ்டாட்டிக் கரன்ட் பொறில பத்திக்கும். நெருப்புலேருந்து காப்பாத்தணும்னு நாமளே வச்சதுதான் அது.

மார்ச் 7
அவன் காலரைப் பிடிச்சு இழுத்த ஹெல்பர் இன்னிக்குத்தான் வாயைத் திறந்தாரு. பேனா டார்ச் உள்ள விழுந்துடுச்சாம், அதை எடுக்கத்தான் குனிஞ்சானாம். "எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தான் அண்ணே?" "ஒரு நிமிஷம் கூட இருக்காது மேடம்... கை ரெண்டும் தொங்கிட்டு இருந்துச்சு." ஸ்டேட்மென்ட்ல அப்படியே எழுதி வாங்கிட்டேன், தொங்கிட்டு இருந்துச்சுங்கற வார்த்தையோட. இனி தலைசுத்தல்னு சொல்லட்டும் பாக்கலாம்.

2005 நவம்பர்ல அமெரிக்கா டெலவேர் சிட்டி ரிஃபைனரில ரெண்டு கான்ட்ராக்ட் ஆளுங்க இப்படித்தான் போனாங்க. நைட்ரஜன் ஓடிட்டு இருந்த ரியாக்டருக்குள்ள ஒரு டேப் ரோல் கிடந்துருக்கு, அதை எடுக்கப் போய் ஒருத்தர், அவரைத் தூக்க இறங்கி இன்னொருத்தர். இதை ட்ரெய்னிங்ல எத்தனை தடவை கதையா சொல்லிருப்பேன். டேப் ரோல், பேனா டார்ச். நம்ம ஹெல்பர் வெளிய நின்னே இழுத்தாரு, குனியல. ஏன்னு கேட்டேன். "முட்டி வலி மேடம், குனிய முடியாது"ன்னாரு. சிரிப்பு வந்துடுச்சு, அப்புறம் பாத்ரூம் போய் அழுதுட்டு வந்தேன்.

மார்ச் 8
ஸ்கேன் நார்மல். மறதி போகப் போக சரியாகிடும்னு டாக்டர் சொன்னாராம். அக்கா ஃபோன் பண்ணாங்க.

மார்ச் 9
வால்வை மாத்திட்டாங்க, லைனை அடைக்கற தகடு, ப்ளைண்டும் போட்டாச்சு. நல்லது. பழைய வால்வு எங்க, டெஸ்ட் பண்ணணும்னு கேட்டா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறாங்க. ஸ்க்ராப் வண்டி சனிக்கிழமையே போயிடுச்சாம். "வால்வு நல்லாத்தான் இருந்துச்சு மேடம், பையன் தெரியாம திருகிட்டான் போல"ன்னு ஒரு குரல். யாரு சொன்னாங்கன்னு திரும்பிப் பாக்கறதுக்குள்ள எல்லாரும் தலையாட்டிட்டாங்க.

அப்போ வால்வு முன்னாடியே பாஸ் ஆச்சுன்னு சொல்ல இந்த உலகத்துல மிச்சம் இருக்கறது என் நோட்டுல ஒரு வரி.

மார்ச் 10
பக்கத்தை ஸ்கேன் பண்ணிட்டேன். தேதியும் கோடும் நல்லாத் தெரியுது. ரிப்போர்ட்ல இணைப்பு 9.

செக்யூரிட்டி அண்ணன் கேட்டாரு, "நாளைக்கு 421 போடட்டுங்களா?" கொஞ்சம் பொறுங்கண்ணேன்னேன்.