பாலாற்றுக் கருமணலும் 400 சுற்றும்

மின்காந்தம் என்பது, ஆணியில் கம்பி சுற்றிக் குண்டூசி தூக்கியதோடு பள்ளிக்கூடத்தில் விட்ட விஷயம். போன மாசம் பரணில் ஒரு பழைய ஸ்டெபிலைசர் அகப்பட்டது. அதைப் பிரித்த கை சும்மா இருக்கவில்லை.

காட்பாடியில் மோட்டார் காயில் (கம்பிச்சுருள்) கட்டும் கடை ஒன்றில் 24 கேஜ் எனாமல் கம்பி, அதாவது மின்காப்புப் பூச்சுள்ள மெல்லிய செம்புக் கம்பி, வாங்கினேன், எடை போட்டுத்தான் தருகிறார்கள். உள்ளே இருக்கும் இரும்பை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதால் சார்ட் பேப்பரை உருட்டிக் குழாய் செய்து, அதன் மேல் 6 செ.மீ. நீளத்துக்குச் சுற்றினேன். வரிசைக்குச் சுமார் 100 சுற்று. நாலு வரிசை. 100, 200, 400 என்ற இடங்களில் முனையை வெளியே இழுத்துவிட்டேன்.

முதல் நாள் கணக்கு மொத்தமும் வீண். ஒட்டிய குண்டூசிகளை எண்ணினேன். மறுநாள் அதே காயில், அதே செல், ஊசி மட்டும் அதிகமாக ஒட்டியது. ஊசிகளே காந்தமாகிப் போயிருந்தன! அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாலாற்றுக்குப் போனேன். அங்கே தண்ணீரைத் தேடுவதைவிடக் கருமணலைத் தேடுவது சுலபம். ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மணலில் இழுத்தால் அரை மணி நேரத்தில் ஒரு டப்பா. இனி எண்ணுவது கிடையாது, ஒட்டும் மணலைச் சின்னத் தராசில் நிறுத்துவதுதான்.

குழாய்க்குள் மைல்டு ஸ்டீல் போல்ட், வெளியே டார்ச் செல் ஒன்று. 100 சுற்றில் 2.3 ஆம்பியர் ஓடி 3 கிராம் ஒட்டியது. 200 சுற்றில் 1.6 ஆம்பியர், 5 கிராம். 400 சுற்றில் 1 ஆம்பியர், 7 கிராம். கம்பியை நாலு மடங்கு சுற்றியதற்கு இவ்வளவுதானா என்று கடைக்காரரிடம் போய் அழுதேன்.

“சுத்த மட்டும் ஏத்தினா போதுமா நைனா? கரென்ட்டு யாரு குடுப்பா?” என்றார்.

வீட்டுக்கு வந்து பெருக்கிப் பார்த்தால் அவர் சொன்னதுதான். ஆம்பியரையும் சுற்றையும் பெருக்கினால் 230, 320, 400. கம்பி நீள நீள மின்தடை ஏறி, ஓட்டம் இறங்கிவிடுகிறது. சுற்றில் கிடைத்ததில் பாதிக்கு மேல் ஓட்டத்தில் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு பைக்கின் பழைய 12 வோல்ட் பேட்டரியோடு, 35 வாட் ஹெட்லைட் பல்பை சீரிஸில் போட்டேன். இப்போது ஓட்டத்தைப் பெரும்பாலும் பல்புதான் தீர்மானிக்கிறது: 2.8, 2.7, 2.5 ஆம்பியர். மணல் 4, 11, 26 கிராம். அதே காயில்தான்! ஆனால் 400 சுற்றில் ஏழு வாட் சூடாகவே போகிறது. வேலூர் மே மாசத்தில் பத்து நிமிஷம் விட்டால் கை வைக்க முடியாது. இணைப்பைப் பிடுங்கும்போது வெறும் கையால் இரு முனையையும் தொட்டுவிட்டேன், சுளீரென்றது. 12 வோல்ட்தானே என்ற அலட்சியம். ஓட்டம் சட்டென்று அறுந்தால் காயிலே பெரிய வோல்ட்டைக் கிளப்பிவிடும். பிறகு, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு ஒன்றைக் காயிலுக்குக் குறுக்கே போட்டேன்.

ஒரு வரிசையில் எனாமல் உரசிப் போய்ப் பிரித்து மறுபடி சுற்ற வேண்டியதாயிற்று. முதல் மின்காந்தத்தைச் செய்த ஆங்கிலேயர் ஸ்டர்ஜன் 1825இல் வெறும் செம்புக் கம்பியைத்தான் சுற்றினாராம். இரும்புக்கு வார்னிஷ் அடித்து, கம்பியை இடைவெளி விட்டு 18 சுற்று. 200 கிராம் இரும்பு 4 கிலோ தூக்கியது. கம்பிக்கே பட்டு நூலால் உறை போட்டு நெருக்கிச் சுற்றியவர் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி.

உள்ளே வைக்கும் பொருளை மாற்றியபோதுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. வெறும் குழாய், அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி எதிலும் ஒரு கிராம்கூடத் தேறவில்லை. ஸ்டெபிலைசருக்குள் அடுக்கியிருந்த மெல்லிய இரும்புத் தகடுகளை, அதாவது லேமினேஷன் பட்டைகளை, கட்டாக்கி வைத்தால் பிரமாதமாக இழுக்கும் என்று நினைத்தேன். 28 கிராம், போல்ட்டைவிட இரண்டே கிராம் அதிகம். நேரான இரும்புத் துண்டில் காந்தப்பாய்வு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காற்று வழியாகத்தானே திரும்ப வேண்டும். அந்தக் காற்றுதான் தடை, இரும்பின் தரம் அங்கே அவ்வளவாக எடுபடாது. வித்தியாசம் அணைத்த பிறகு தெரிந்தது. லேமினேஷன் கிட்டத்தட்ட எல்லா மணலையும் உதறிவிட்டது. பழைய அரம் 21 கிராம்தான் பிடித்தது, ஆனால் அணைத்த பின்னும் 5 கிராமை விடவே இல்லை.

அப்படியானால் காற்று வழியையே அடைத்துவிட்டால்? கொல்லுப் பட்டறையில் ஓர் இரும்புக் கம்பியை ‘ப’ போல வளைத்து வாங்கி, முனைகளை அரம் போட்டுச் சமப்படுத்தி, அதே காயிலை ஒரு காலில் ஏற்றினேன். பல்பு வேண்டாம், பழைய டார்ச் செல்லே போதும். இரு முனையையும் இணைத்தபடி கீழே இரும்புப் பட்டை, அதில் கொக்கி, கொக்கியில் 2 கிலோ அரிசிப் பை. தொங்கியது! இடையில், காற்று இடைவெளிக்குப் பதிலாக, கல்யாணப் பத்திரிகை அட்டையை ரெண்டாக மடித்து வைத்துப் பார்த்தேன். பை தரையைவிட்டு எழும்பவே இல்லை.