அம்மாவின் செப்புக் குடம்

இன்று காலை மலேசியாவில் எங்கள் ஆயர் ஈத்தாம் வீட்டுப் பின்கட்டில் அம்மா பழைய செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கறுத்திருந்த இடத்தில் கட்டைவிரல் ஒருமுறை அழுந்திப் போனது. அவ்வளவுதான், உள்ளிருந்து ரோஜா நிறம் எட்டிப் பார்த்தது. புளியின் அமிலம் ஆக்சைடு படலத்தைக் கரைத்துவிடுகிறது.

"என்னய்யா பார்த்துக்கிட்டே நிக்கிற? லேப்புக்கு நேரமாகலயா?"

லேப்பிலும் எனக்கு இதே செம்புதான், அம்மா.

தமிழ்ப்பள்ளியில் படித்தோமே கரிவளி (கார்பன் டை ஆக்சைடு), அதை மின்சாரத்தால் எத்திலீனாக மாற்றும் வேலை. எத்திலீன்தான் பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருள். செம்பு இதைச் செய்யும் என்று 1980களில் ஜப்பானில் யோஷியோ ஹோரி குழுவினர் காட்டினார்கள். தனி உலோகங்களில் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இதைச் செய்வது இன்றும் செம்பு மட்டுமே.

காரணம் அதன் பிடி. கரிவளி முதலில் கார்பன் மோனாக்சைடு ஆகிறது. பிளாட்டினம் அதை இறுகப் பிடித்துக்கொண்டு விடாது. தங்கமும் வெள்ளியும் உடனே நழுவ விட்டுவிடும். செம்பு அளவாகப் பிடிக்கிறது. பக்கத்தில் இன்னொன்று வந்து சேரும்வரை வைத்திருக்கிறது. இரண்டு கார்பன் கைகோத்தால்தானே எத்திலீன்! இந்த இடத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது.

அப்புறம் அம்மாவிடம் சொன்னேன்: செம்பை வேண்டுமென்றே ஆக்சைடாக்கி, திரும்ப உலோகமாக்கினால் மேற்பரப்பு கரடுமுரடாகி இன்னும் நன்றாக வேலை செய்யும்.

"அப்ப நான் தேய்க்கிறது தப்பா?"

இல்லம்மா என்றேன். குடத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். விளிம்பில் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் மிச்சம் இருந்தது.