சேர் தந்த பத்து இலக்க எண்

1991 இல என்னோட ஏ.எல் கணித வகுப்பில இருந்த ஆக்களுக்குத் தலைப்பைப் பார்த்த உடனேயே விளங்கியிருக்கும். கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கொப்பிக்கும் தட்டுப்பாடு, அந்த நேரத்திலதான் எங்கட கணக்குச் சேர் ஒருநாள் கரும்பலகையில பெரிசா 4294967297 எண்டு எழுதிப்போட்டு, இது முதன்மை எண்ணோ, அதாவது 1 ஆலயும் தன்னாலயும் மட்டும் மிச்சமில்லாமல் வகுபடுற எண்ணோ எண்டு நாளைக்கு வந்து சொல்லுங்கோ எண்டிட்டுப் போனார்.

நான் ஜாம் போத்தல் விளக்கில 7, 11, 13 எண்டு தொடங்கி நூறு தாண்டும் வரைக்கும் வகுத்தன், ஒண்டும் சரிவரேல்ல, திரியும் அணைஞ்சிட்டுது.

அடுத்தநாள்தான் சேர் கதையைச் சொன்னவர். 2 இன் 1, 2, 4, 8, 16 ஆம் வலுக்களோட 1 ஐக் கூட்டினா 3, 5, 17, 257, 65537, அஞ்சும் முதன்மை எண்கள். அதுக்கடுத்தது 32 ஆம் வலு, அதுதான் கரும்பலகையில இருந்த எண். இப்பிடி வாறதெல்லாம் முதன்மை எண்தான் எண்டு 1640 இல பிரான்சில ஃபெர்மா நம்பினவர், கணக்கில எவ்வளவு பெரிய ஆள், ஆனா 1732 இல ஒய்லர் எண்ட இன்னொரு கணித மேதை அது பிழை எண்டு காட்டிப்போட்டார். எப்பிடியெண்டா, இந்த எண்ணுக்கு ஒரு முதன்மைக் காரணி இருந்தா அது 64 இன்ர மடங்கோட 1 கூட்டினதாத்தான் இருக்கவேணும், அப்ப 193, 257, 449, 577, 641 எண்டு பார்த்துக்கொண்டு போனாக் காணும். நான் 7 இல தொடங்கினதை நினைச்சா இப்பவும் நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருக்கும்.

வாங்கிலுக்கு ஒரு எண் பிரிச்சுத் தந்தார், எங்கட வாங்கிலுக்கு 641. இறக்கி இறக்கிக் கடைசியா 4487 வந்துது, ஏழு தரம் போட மிச்சம் பூச்சியம். நாங்கள் கத்தின கத்தில பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தவ. விடை 6700417, அதுவும் முதன்மை எண். பிறகு சேர் பலகை மூலையில, 641 எண்டது 5 ஐ 128 ஆல பெருக்கி 1 கூட்டினது, 625 ஓட 16 கூட்டினாலும் அதே 641, இந்த ரெண்டையும் வச்சு வகுக்காமலே ரெண்டு வரியில நிறுவிக் காட்டினார், அவ்வளவு வடிவான ரெண்டு வரியை நான் பிறகு எங்கயும் காணேல்ல.

கனடா வந்து கொம்பியூட்டர் வேலைக்குச் சேர்ந்தாப் பிறகு ஒருநாள் ஸ்கிரீனில 4294967295 எண்டு நிண்டுது, 32 பிட்டில கொள்ளுற ஆகப் பெரிய எண். பார்த்துப் பழகின முகம் மாதிரிக் கிடக்கு எண்டு காரணிப்படுத்தினன். 3, 5, 17, 257, 65537. அதே அஞ்சு பேரும், ஒவ்வொரு தரம்! அண்டிரவே சேருக்குக் கடிதம் எழுதினன். ரெண்டு மாசத்தால பதில் வந்துது, சுகம் விசாரிச்சு நாலு வரி, அடியில, "அதோட 2 ஐக் கூட்டிப் பார்த்தனீரோ?"