அஸ்தத்துக்கு மேலே ஒரு மங்கல் கீற்று

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து, ஆறு அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு மூன்று ஆண்டுகளாக விண்மீன் திரள்களைத் தேடி வருகிறேன். மஞ்சள் சோடியம் விளக்குகள் எரிந்த தெருவில் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் வந்த பிறகு வானம் சாம்பல் பூத்துவிட்டது. இத்தகைய வானத்தில், எந்தத் திரளைத் தேடுவது என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை.

தொடக்கத்தில் பட்டியலிலுள்ள பிரகாச எண்ணை மட்டும் நம்பினேன். எண் குறையக் குறைய ஒளி மிகும் என்பதால், எண் 8 கொண்ட எம்104-ஐ விட 5.7 கொண்ட எம்33 என்ற திரள் (எம் என்பது பிரெஞ்சு வானியலாளர் மெஸ்ஸியரின் பட்டியலைக் குறிக்கும்) எளிதில் அகப்படும் என எண்ணி, ஒரு ஜனவரி முழுவதும் அதைத் தேடியும் காணவில்லை. முழுநிலவின் விட்டத்தைப் போல இரு மடங்கு நீளத்துக்கு அதன் ஒளி பரந்து கிடப்பதால், ஊர் வெளிச்சத்தில் கரைந்துபோகிறது. எம்104-இன் ஒளியோ சிறு கீற்றுக்குள் அடர்ந்திருக்கிறது.

ஏப்ரல் நடுவில் இரவு பதினொரு மணியளவில் எம்104 தெற்கே சுமார் 70 பாகை உயரத்துக்கு வந்துவிடும். அஸ்த நட்சத்திரக் கூட்டத்தின் வடகிழக்கு முனையிலிருந்து ஐந்தரைப் பாகை மேலே நகர்ந்தால், முக்கோணமாய் நிற்கும் சிறு விண்மீன்களுக்கு அருகே அதைப் பிடிக்கலாம். நான் கேட்டுக்கொண்டதற்காகப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி அந்த ஒரு மணி நேரம் வாசல் விளக்கை அணைத்து வைப்பார். அந்த உதவி எந்தக் கருவியை விடவும் பெரியது. கண் இருளுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, 12 மி.மீ. ஐபீஸை (கண்ணருகே வைக்கும் வில்லை) பொருத்தி, உருப்பெருக்கத்தை நூறு மடங்காக்கினால் பின்னணி சற்றுக் கறுக்கும். பிறகு நேராகப் பார்க்காமல் பார்வையைச் சற்றே விலக்கி, குழாயை விரலால் மெல்லத் தட்ட வேண்டும். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் நடுப்புள்ளியைச் சுற்றியே இருக்கின்றன, அவை அசைவையும் எளிதில் அறிகின்றன. அப்படித்தான் நான்காவது இரவில் அந்தக் கீற்று எனக்குத் தென்பட்டது.

ஒளி வடிகட்டிக்குச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டும் ஒளிரும் வாயு முகில்களுக்கு அது உதவும். திரள்களின் ஒளி விண்மீன்களின் ஒளியே என்பதால், வெளிச்ச மாசோடு சேர்த்து அதையும் குறைத்துவிடும்.

நம் மாவட்டத்துக்கு வாய்த்த பேறு தெற்கே விளக்கற்ற கடல் இருப்பது. தென்வானத்திலுள்ள செண்டாரஸ் ஏ என்னும் திரள் மெஸ்ஸியர் நோக்கிய பாரிஸில் அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை என்பதால் அவருடைய பட்டியலில் இடம்பெறவில்லை. 1826-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜேம்ஸ் டன்லப் என்ற வானியலாளர் அதைக் கண்டறிந்தார். இங்கே அது கிட்டத்தட்ட 39 பாகை உயரம் வருகிறது. சென்ற மே மாதம் சங்குத்துறைக் கடற்கரையில், உப்புக்காற்று கண்ணாடியில் படிவதற்குள் அவசரமாக நோக்கியபோது, வட்டமான அந்த மங்கல் ஒளியின் குறுக்கே ஒரு கரிய பட்டை ஓடியதை இரண்டு முறை, நிச்சயமாகக் கண்டேன்.