வெறுங்குளம்புக் குதிரையின் ஃப்ராக் அழுகல்: ஒரு மழைக்காலச் சிகிச்சை அனுபவம்

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் நாங்கள் வாங்கிய செவலை நிறக் கத்தியவார் பெண் குதிரைக்கு அப்போது நான்கு கால்களிலும் லாடம் இருந்தது. அவளுக்கு நடை பெரும்பாலும் தோட்டத்து மண்பாதையில்தான் என்பதால், லாடங்களைக் கழற்றிவிட்டு வெறுங்குளம்பாகவே பராமரிப்பது என்று முடிவு செய்தோம். குளம்பின் வெளிச்சுவர் நன்றாகவே தேறி வந்தது. ஆனால் வடகிழக்குப் பருவமழை ஓய்வதற்குள் முன்னங்கால்கள் இரண்டிலும் குளம்பின் அடிப்பகுதி அழுகத் தொடங்கிவிட்டது.

குளம்பைத் தூக்கிப் பார்த்தால், குதிகாலிலிருந்து நடுப்பகுதி நோக்கிக் கூம்பிச் செல்லும், ரப்பர்த் தன்மையுள்ள முக்கோணப் பகுதி ஒன்று தெரியும். அதைத்தான் ஃப்ராக் என்கிறார்கள். அதன் இருபுறமும் ஒவ்வொரு பள்ளமும், நடுவே ஒரு பள்ளமும் உண்டு. ஆரோக்கியமான குளம்பில் இந்த நடுப்பள்ளம் ஈரக் களிமண்ணில் கட்டைவிரலை அழுத்திய தடம்போல அகலமாகவும் ஆழமின்றியும் இருக்கும். எங்கள் குதிரைக்கோ அது குறுகிய பிளவாகி, இரண்டு குதிகால் மேடுகளுக்கும் இடையே தோல்வரை நீண்டிருந்தது. பிளவுக்குள் கறுத்த, பசை போன்ற கசிவும் பொறுக்க முடியாத நாற்றமும் இருந்தன; பஞ்சு பட்டதுமே காலை வெடுக்கென இழுத்துக்கொண்டாள்.

பரிசோதித்த கால்நடை மருத்துவர் இது த்ரஷ் எனப்படும் அழுகல் நோய் என்றார். பூங்கோசு போலத் தசை வளர்ந்து, தொட்டால் இரத்தம் கசியும் கேங்கர் என்ற நோயும் இதே இடத்தில் வரக்கூடும் என்பதால், அது இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டார். மண்ணிலும் சாணத்திலும் உள்ள டெட்டனஸ் கிருமியால் வீட்டு விலங்குகளிலேயே மிக எளிதில் பாதிக்கப்படுவது குதிரைதான். குளம்பில் திறந்த புண் இருக்கும்போது அதற்கான தடுப்பூசி நிலவரத்தைப் பார்க்காமல் வேறு எதையும் தொடங்கக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. அதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இந்நோயில் முக்கியப் பங்கு வகிக்கும் ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற பாக்டீரியா, காற்றுப் புகாத இடத்தில்தான் செழிக்கும். ஆழமான பிளவும், அதை அடைத்து நிற்கும் சேறும் சாணமும் அதற்கு மிகவும் ஏற்ற இடம். வலி எடுத்ததும் குதிரை குதிகாலை ஊன்றாமல் குளம்பின் நுனியை முதலில் வைத்து நடக்கத் தொடங்கும். அப்படி நடந்தால் ஃப்ராக்கில் எடை விழாது; எடை விழாத ஃப்ராக் மெலிந்து சுருங்கும், குதிகால்கள் ஒன்றையொன்று நெருங்கும், பிளவு மேலும் ஆழமாகும். லாடம் அடித்திருந்த காலத்திலேயே எங்கள் குதிரையின் குதிகால்கள் ஓரளவு குறுகியிருந்தன. ஆகவே கிருமியைக் கொல்வது பாதி வேலைதான். அவளைக் குதிகால் ஊன்றி நடக்க வைப்பதே மீதிப் பாதி என்பது எங்களுக்குத் தெளிவாயிற்று.

மருந்து விஷயத்தில் அக்கம்பக்கத்தார் ஃபார்மலின், ப்ளீச்சிங் கரைசல், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று பலவற்றைச் சொன்னார்கள். இவை கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் பிளவின் அடியில் புதிதாக வளர முயலும் உயிருள்ள திசுவையும் சேர்த்தே சிதைத்துவிடும். அத்தகைய மருந்துகளை ஆழமான பிளவில் ஊற்றுவதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். தினமும் குளம்பைக் கொக்கியால் சுத்தம் செய்து, நீர்த்த பொவிடோன் அயோடின் கரைசலை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, அதன் முனையைப் பிளவுக்குள் மெதுவாக வைத்துக் கழுவினோம். பிறகு காஸ் துணியைப் பிளவினூடே இருபுறமும் இழுத்து, கசிவு படாமல் வரும்வரை துடைத்தோம். ஈரம் உலர்ந்ததும், துத்தநாக ஆக்சைடுக் களிம்பில் மருத்துவர் சொன்ன சிறிய அளவில் மயில்துத்தத்தைக் குழைத்து, அதில் தோய்த்த பஞ்சைப் பிளவின் அடிவரை நிரப்பினோம். பஞ்சு மருந்தை அங்கேயே நிறுத்துகிறது, சேறு உள்ளே போகாமலும் தடுக்கிறது. அதை அன்றாடம் மாற்றியே ஆக வேண்டும்.

குளம்பு திருத்துபவர், தொங்கிக்கொண்டிருந்த சிதைந்த ஓரங்களையும், அழுக்கு தங்கும் மடிப்புகளையும் மட்டுமே வளைகத்தியால் நீக்கினார். நல்ல ஃப்ராக்கை அழகுக்காகச் சீவினால் அந்த இடம் மெலிந்து கூச்சம் எடுக்கும், குதிரை மறுபடியும் நுனியை ஊன்றத் தொடங்கும். மாறாக, நீண்டிருந்த குளம்பு நுனியை அரத்தால் பின்னுக்குக் கொண்டுவந்ததும், அவள் காலடி வைப்பதில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வந்தது.

தரையைச் சீராக்கியதுதான் மிகுந்த உழைப்பு கேட்ட வேலை. சிறுநீரிலிருந்து வரும் அமோனியா குளம்பின் கொம்புப் பொருளை மென்மையாக்கும் என்பதால், லாயத்தின் தரைக்குச் சரிவு கொடுத்து வடிகால் அமைத்தோம். நனைந்த வைக்கோலை அன்றன்றே அப்புறப்படுத்தி, அடியில் உலர்ந்த மரத்தூள் பரப்பினோம். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி எந்நேரமும் சேறாகக் கிடந்த இடத்தை மேடாக்கி, உருண்டையான சிறு கூழாங்கற்களைத் தாராளமாகக் கொட்டினோம். கூழாங்கல் குளம்புக்கு ஏற்பப் புரண்டு கொடுக்கும், நீரைத் தேக்காது, ஃப்ராக்கின் மீது இதமான அழுத்தமும் தரும். இந்தச் செலவை நான் மருந்துச் செலவாகவே கருதுகிறேன்.

நாற்றம் முதல் சில நாட்களிலேயே குறைந்தது. அதைக் கண்டு மருந்தை நிறுத்திவிடும் எண்ணம் எவருக்கும் வரக்கூடும். ஆனால் பிளவு அடியிலிருந்து நிரம்பி மேலே வர வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகின்றன. கூச்சம் குறையக் குறைய, காலையில் உலர்ந்த சமதரையில் கையில் பிடித்து நடத்தி, பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்து, குதிகால் முதலில் ஊன்றுகிறதா என்று பார்த்து வந்தோம். வலது முன்னங்கால் விரைவாகத் தேறியது. இடது கால் பின்தங்கியே இருந்தது. பங்குனி வெயிலில் தரை நன்கு காய்ந்த பிறகுதான் இடது காலின் பிளவு அகன்று, அடிப்பகுதி கண்ணுக்குத் தெரிந்தது.

இப்போது மருந்தில் நனைத்த பஞ்சு வைப்பதில்லை. தினமும் குளம்பைச் சுத்தம் செய்யும்போது நடுப்பள்ளத்தைக் காஸ் துணியால் ஒருமுறை துடைத்து முகர்ந்து பார்க்கிறோம். சிறிதேனும் நாற்றம் இருந்தால் அன்றே அயோடின் கழுவலைத் தொடங்குகிறோம். குளம்பு திருத்துபவர் நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்கு ஒருமுறை வருகிறார். ஐப்பசி மழைக்கு முன்பாகத் தொட்டியைச் சுற்றிலும் கூழாங்கற்களை மீண்டும் நிரப்ப வேண்டும். சென்ற ஆண்டு கொட்டியவற்றில் ஒரு பகுதி மண்ணுக்குள் புதைந்துவிட்டது.